புதுப்பிப்பு: கோபம் குறைய ஜெபித்தும் மாற்றம் தெரியவில்லை

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஏறும் எரிச்சல் வீட்டில் பிள்ளைகள்மேல் பாய்கிறது; "இனிக் கோபப்படமாட்டேன்" என்ற பொருத்தனை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

பலன் தந்தது கத்தோலிக்க அக்கா ஒருவர் பதிலில் சொன்ன ஆத்தும சோதனை; இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஜெபமுறை. இரவில் பத்து நிமிடம்: நன்றி, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, மறுநாளுக்கு ஒரே தீர்மானம். தீர்மானம் சின்னதாக இருக்க வேண்டும். "எஞ்சினை நிறுத்தியதும் ஒரு பரமண்டல ஜெபம், பிறகுதான் கார் கதவு" என்ற அளவு போதும். ஒவ்வொரு சறுக்கலுக்கும் நோட்டில் ஒரு புள்ளி. ஒரு நாளை அடுத்த நாளோடும் ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். இதுவும் இஞ்ஞாசியார் வகுத்ததே.

எதிர்பாராதது: இரண்டாம் வாரம் புள்ளிகள் 4-லிருந்து 9 ஆயின. கூடியது கோபமல்ல, கவனம். இங்கே விட்டுவிடாதீர்கள். மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு 2 அல்லது 3. மாற்கு 4:28-இல் முளை, கதிர், தானியம் என்று வரிசையாகத்தானே வருகிறது!

பதில்களில் வந்த உபவாச யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. பசியில் எரிச்சல்தான் கூடியது. தவறிய இரவை மறுநாள் சேர்த்து எழுதவேண்டாம், நோட்டே சுமையாகிவிடும்.