இளங்கலை படிக்கும்போதே ஆராய்ச்சியில் சேர வேண்டும்: முப்பது பேராசிரியர்களுக்கு எழுதியும் பதில் இல்லை

கேள்வி: இரண்டாமாண்டு_உயிரியல்

வணக்கம். உயிரியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டு. வரும் கோடை விடுமுறையில் எட்டு வாரமாவது ஒரு ஆய்வுக்குழுவில் வேலை செய்ய ஆசை. முப்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியதில் ஒரே ஒரு பதில்தான் வந்தது, அதுவும் "இடமில்லை" என்று. செய்முறை வகுப்பைத் தவிர லேப் அனுபவம் கிடையாது. பைத்தான் ஓரளவு தெரியும்.

யாருக்கு எழுதினால் பலன் இருக்கும்? மெயிலில் என்ன இருந்தால் படிப்பார்கள்? அனுபவமே இல்லாதவர் எதைக் காட்டி உள்ளே போவது?

அனுப்பிய மெயில் இப்படித்தான் தொடங்கும்: "மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. தங்கள் மேற்பார்வையில் பணிபுரிய ஒரு வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பதில் 1: ஆய்வுக்கூட_மேசை

அந்த இரண்டு வரியை வானியல் பேராசிரியருக்கும் அனுப்பலாம், மண்ணியல் பேராசிரியருக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பெயரை மட்டும் மாற்றி ஒட்டும்போது அந்த ஒரு சொல் வேறு எழுத்துருவிலோ சாம்பல் பின்னணியிலோ நிற்கும். அதைப் பார்த்ததும் மெயிலை மூடிவிடுவார்கள்.

பேராசிரியர் பக்கக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் முதல் சில வாரம் ஒரு பிஎச்டி மாணவர் தன் சொந்த வேலையை ஒதுக்கிவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் பாதி அதிலேயே போகலாம். உங்கள் ஆர்வத்தை யாரும் சந்தேகப்படவில்லை. "இவரை யாரிடம் விடுவது, என்ன வேலை கொடுப்பது" என்ற கேள்விக்குத்தான் உங்கள் மெயிலில் விடை இல்லை. அந்த விடையை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

யாருக்கு என்றால், முதலில் உங்கள் சொந்தத் துறை. உங்களுக்குப் பாடம் எடுத்தவர், விடைத்தாளைத் திருத்தியவர், செய்முறை வகுப்பில் நின்ற பிஎச்டி மாணவர். முகம் தெரிந்தவரிடம் நேரில் பத்து நிமிடம் கேட்பது, தெரியாதவர்களுக்கு இருபது மெயில் அனுப்புவதைவிட மேல். அதன் பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் உங்கள் தலைப்பைப் போட்டு, கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். உயிரியலில் ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவர், முதல் பெயர் ஆய்வுக்கூட மேசையில் வேலை செய்தவர். (கணிதத்தில் பெயர்கள் அகரவரிசையில் வரும், அங்கே இந்த வழி உதவாது.) கட்டுரையின் கடைசியில் நன்றியுரைப் பகுதியில் எந்த நிதியில் வேலை நடக்கிறது என்று இருக்கும், அதையும் பாருங்கள். குழுவின் இணையப் பக்கத்தில் பழைய உறுப்பினர் பட்டியலில் இளங்கலை மாணவர்கள் இருந்தால், அந்தக் குழுவுக்கு உங்களைப் போன்றவர்களைச் சேர்த்துப் பழக்கம் உண்டு. முப்பது பேர் வேண்டாம், இப்படித் தேறும் எட்டு பேர் போதும்.

கட்டுரையின் முதல் ஆசிரியருக்கும் எழுதலாம். கை போதாமல் கிடப்பில் போட்ட சிறு வேலை பிஎச்டி மாணவர்களிடம் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். உங்களுக்கு இடம் அங்கிருந்துதான் பிறக்கும். அவர் "இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் பேராசிரியர் மறுப்பது அபூர்வம்.

மெயில் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். மாதிரி:

"பொருள்: வேர் நுண்ணுயிர்க் கட்டுரையின் படம் 3 பற்றி ஒரு கேள்வி, கோடையில் 8 வாரம்

வணக்கம் ஐயா. இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறேன். வறட்சியில் வேர் நுண்ணுயிர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படம் 3-இல் 14-ஆம் நாளுக்குப் பிறகு இரண்டு மண் வகைகளும் பிரிகின்றன. ஈரப்பதம் இரண்டிலும் சமமாக வைக்கப்பட்டதா என்று செய்முறைப் பகுதியில் எனக்குப் பிடிபடவில்லை. கட்டுரையின் இணைப்பில் உள்ள தரவை எடுத்து அந்தப் படத்தை பைத்தானில் மீண்டும் வரைந்திருக்கிறேன், இணைத்துள்ளேன். கோடையில் எட்டு வாரம், வாரம் 30 மணி நேரம் வர முடியும். தரவு ஒழுங்கு செய்வது, மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுவது என எதில் தொடங்கினாலும் சரி. 15 நிமிடம் பேச முடியுமா?"

ஒரு பக்க ரெஸ்யூமேயையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி இணையுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள், ஒரே ஒரு முறை. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போங்கள். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பவர்கள்.

பதில் 2: தரவுக்காரி

மேலே உள்ள மாதிரியில் எடையுள்ள வரி "மீண்டும் வரைந்திருக்கிறேன்" என்பதுதான். அனுபவம் இல்லாதவர் காட்டக்கூடிய சான்று இதைவிட வேறில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. செனோடோ, ஃபிக்‌ஷேர், ஓஎஸ்எஃப் மாதிரித் தளங்களில் தரவைப் பொதுவில் வைத்துள்ள ஒரு கட்டுரையை எடுங்கள். முழுக் கட்டுரையும் வேண்டாம், ஒரே ஒரு படம். இரண்டு வார இறுதி போதும்.

முதல் தடவை படம் ஒத்து வராது. எங்கே இடறும் என்று சொல்கிறேன், தேடும் நேரம் மிச்சமாகும்.

பிழைக்கோடு (படத்தில் சராசரிக்கு மேலும் கீழும் நிற்கும் கோடு) சிறியதாக வந்தால் திட்ட விலக்கத்தை, அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவைப் பாருங்கள். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் எஸ்டிடி (திட்ட விலக்கம்) என்று கேட்டால் மாதிரி எண்ணிக்கையால் வகுக்கும். பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸும், புள்ளியியலுக்கான ஆர் மொழியும் அதில் ஒன்று குறைத்து வகுக்கும். குழுவுக்கு மூன்று மாதிரிதான் என்றால் நம்பை தரும் கோடு மற்றதைவிட 18 சதவீதம் குட்டை. ஒரேயடியாகப் பாதியளவுக்குக் குறைந்திருந்தால் காரணம் வேறு: கட்டுரையில் திட்ட விலக்கத்தைப் போட்டிருப்பார்கள், நீங்கள் திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்ற அளவு) போட்டிருப்பீர்கள். படக்குறிப்பில் எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டுரையில் 48 மாதிரி, உங்களிடம் 45 என்றால் விடுபட்ட மதிப்புகளைத் தேடுங்கள். பாண்டாஸில் வரிசைகளைக் குழுவாகப் பிரிக்க க்ரூப்பை போடும்போது, குழுப்பெயர் காலியாக இருக்கும் வரிசைகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விலகிவிடும். அதனுள் டிராப்என்ஏ=ஃபால்ஸ் என்று கொடுத்தால்தான் அவை வரும்.

மரபணுத் தரவை எக்செலில் திறக்காதீர்கள். செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகிவிடும், மார்ச்1 மார்ச் 1 ஆகிவிடும். இந்தத் தொல்லையால் 2020-இல் அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றினார்கள். பழைய கோப்புகளில் தேதியாக மாறிய பெயர்கள் இன்னும் கிடக்கின்றன.

கடைசி வரை ஒத்து வராவிட்டாலும் அனுப்புங்கள். ஆனால் "உங்கள் கட்டுரையில் தவறு" என்று எழுதாதீர்கள். "எனக்கு 45 மாதிரிதான் கிடைக்கிறது, எந்த மூன்றை நான் தவறவிடுகிறேன்?" என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறை தவறு நம் பக்கம்தான் இருக்கும், அவர்கள் பக்கம் இருந்தாலும் இந்தக் கேள்வி அவர்களைப் புண்படுத்தாது.

இரண்டாமாண்டு_உயிரியல்

இருவருக்கும் மிக்க நன்றி. தரவு வேலையை இன்றே தொடங்குகிறேன். ஆனால் கையால் செய்யும் லேப் வேலையும் கற்க வேண்டும். போகும் முன் எதைப் பழகலாம்? பெரிய நிறுவனங்களின் கோடைத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாமா?

பதில் 3: பிப்பெட்_பிடித்தவர்

சிறு அளவுத் திரவத்தை உறிஞ்சி விடும் கருவியான பிப்பெட்டைப் பழகுங்கள். செய்முறை வகுப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம் கேட்டால் தருவார்கள். துல்லியத் தராசில் சிறு குப்பி வைத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை விட்டு, ஒவ்வொரு முறையும் எடையைக் குறியுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் வர வேண்டும். எல்லாமே ஒரே மாதிரி கூடுதலாக வந்தால், உறிஞ்சும்போதே பொத்தானை இரண்டாம் தடை வரை அழுத்துகிறீர்கள். முதல் தடை வரைதான் அழுத்த வேண்டும், இரண்டாவது வெளியேற்ற மட்டும். ஒன்று 92, அடுத்தது 101 என்று தாறுமாறாக வந்தால் கட்டைவிரலைச் சட்டென்று விடுகிறீர்கள் அல்லது முனை சரியாகப் பொருந்தவில்லை. இந்தப் பத்து எண்களையும் நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். "லேப் அனுபவம் உண்டா" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது அனுமதிகளை மறக்காதீர்கள். மனிதர்களிடம் தகவல் சேகரிப்பதற்கும் விலங்குகளை வைத்து ஆய்வதற்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். எட்டு வாரத்துக்கு வருபவர், ஒப்புதல் ஏற்கெனவே கிடைத்த வேலையில்தான் சேர வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியையும் முதல் நாளுக்கு முன்பே முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கோடைத் திட்டங்கள் நல்லவைதான், ஆனால் தகுதி வரியை முதலில் படியுங்கள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வு நிறுவனமான செர்னின் கோடைத் திட்டத்துக்கு மூன்று ஆண்டுப் படிப்பு முடிந்திருக்க வேண்டும், அது பெரும்பாலும் இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்களுக்கு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இளங்கலை மாணவர்களுக்கு நடத்தும் ஆர்இயூ ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். ஜப்பானில் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பயிற்சிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பல கோடைத் திட்டங்களின் கடைசித் தேதி அரையாண்டுக்கு முன்பே முடிந்துவிடும், எனவே விடுமுறை நெருங்கும்போது தேடினால் எதுவும் மிஞ்சாது. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியருக்கு நான்கு வாரம் கொடுங்கள், கூடவே கடைசித் தேதியையும் உங்கள் ரெஸ்யூமேயையும்.

பதில் 4: நூலக_மூலை

இடம் கிடைத்ததும் மகிழ்ச்சியில் மறந்துபோகும் கேள்விகள் சில. தினமும் யாரிடம் சந்தேகம் கேட்பது? வாரம் எத்தனை மணி? ஊதியமா, பாட மதிப்பா, இரண்டும் இல்லையா? கடைசியில் கையில் என்ன இருக்கும்: அறிக்கையா, சுவரொட்டியா? முதல் வாரமே கேட்டு, பேசியதை மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட இடத்தில்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

கட்டுரையில் பெயர் வருமா என்றும் கேட்கலாம், அதில் தவறே இல்லை. மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ விதியில் நான்கு நிபந்தனைகள் உண்டு: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். மாதிரிகளைக் கழுவி அடுக்கியதற்கு நன்றியுரையில் பெயர் வருவதே முறை. என்ன செய்தீர்கள் என்பதை அன்றன்றே நோட்டில் எழுதிவந்தால் இந்தப் பேச்சு சுலபமாக முடியும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். "பணம் கட்டினால் ஆய்வுப் பயிற்சிச் சான்றிதழ்", "மூன்று நாளில் கட்டுரை ஏற்பு", "ஆசிரியர் வரிசையில் இரண்டாம் இடம் விற்பனைக்கு" என்று வரும் செய்திகள் எல்லாம் மோசடி. உண்மையான சக மதிப்பாய்வு (அதே துறை ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்துச் சோதிப்பது) வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். ஒருமுறை அப்படிப்பட்ட இதழில் பெயர் வந்துவிட்டால் அதை அழிக்க முடியாது, பின்னாளில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் முதலில் கவனிப்பது அதைத்தான். கட்டணம் கேட்கும் இதழ் எல்லாமே போலி அல்ல. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், நூலகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாமாண்டு_உயிரியல்

மண் நுண்ணுயிர் பற்றி ஒரு கட்டுரையை எடுத்திருக்கிறேன், தரவு செனோடோவில் இருக்கிறது. கட்டுரையில் 60 மாதிரி, கோப்பில் 57 வரிசை. முதல் ஆசிரியருக்கு "எந்த மூன்றைத் தவறவிடுகிறேன்" என்று இன்றிரவு எழுதுகிறேன்.