நச்சுமுதலா, நச்சுக்காரணியா? சுரங்கக் கழிவுநீர்ச் சோதனைக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் Toxicity Identification Evaluation என்கிற தண்ணீர்ச் சோதனைக்குத் தமிழ்ப் பெயராக நேற்று அண்ணாச்சி முன்வைத்த "நச்சுத்தன்மை அடையாள மதிப்பீடு" என்ற சொல்லை ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருக்கும் மூன்று சொல்லும் தமிழில் வந்துவிட்டன. ஆனால் நடக்கிற வேலை அதற்குள் வரவில்லை. தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்பது இந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. அதை டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு ஏற்கெனவே செத்துச் சொல்லிவிட்டது. எது கொன்றது என்பதுதான் கேள்வி.

நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரில் இதற்கு ஒரே பதில் கிடையாது. கரியோடு கிடக்கும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தைக் கசியவிடும். அந்த அமிலம் பாறையிலிருந்து அலுமினியம், மாங்கனீசு, துத்தநாகம், நிக்கல் என்று கரைத்து இழுத்துவரும். மேகாலயாவின் ஜெயந்தியா மலைகளில் கந்தகம் மிகுந்த நிலக்கரி. அங்கே ஓடைகள் அமிலமாகிப் போனது இப்படித்தான். சுண்ணாம்பு போட்டால் அமிலம் அடங்கும், உலோகம் பெரும்பாலும் படிந்துவிடும், தண்ணீர் பளிங்காகத் தெளியும். அப்புறமும் நீர்த்தெள்ளு சாகலாம். சல்பேட் முதலான உப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே நிற்கின்றன.

சரி, எப்படிப் பிடிக்கிறார்கள்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991, 1993 ஆண்டுகளில் வெளியிட்ட கையேடுகளில் மூன்று கட்டம் உண்டு. முதல் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. ஒரே தண்ணீரைப் பல குடுவைகளுக்குப் பங்கிடுகிறார்கள். ஒன்றில் ஈ.டி.டி.ஏ. சேர்ப்பார்கள், அது பல உலோக அயனிகளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒன்றில் குளோரின் போன்றவற்றை முறிக்கச் சோடியம் தயோசல்பேட். ஒன்றை வடிகட்டுவார்கள், ஒன்றில் காற்றை ஊதுவார்கள். ஒன்றின் பி.எச். அளவை, அதாவது அமில-காரத் தன்மையை, ஏற்றி இறக்குவார்கள். அம்மோனியா என்றால் பி.எச். ஏற ஏற நஞ்சும் ஏறும். பிறகு ஒவ்வொன்றிலும் நீர்த்தெள்ளை விட்டு, எதில் பிழைக்கிறது என்று பார்ப்பார்கள். ஈ.டி.டி.ஏ. குடுவையில் பிழைத்தால் உலோகத்தின் மேல் சந்தேகம். எதிலுமே பிழைக்கவில்லை என்றால் சந்தேகம் உப்பின் பக்கம் திரும்பும். கடைசியில் அதே உப்புகளை அதே அளவில் நல்ல தண்ணீரில் கலந்து, அதிலும் அப்படியே சாகிறதா என்று பார்த்து உறுதிசெய்வார்கள்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூல் என்றே ஒரு பாடம் உண்டு. நஞ்சு முறிவு அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. இந்தக் குடுவை ஒவ்வொன்றும் ஒரு முறிவுதானே? எந்த முறிவு பலித்தது என்பதை வைத்து நஞ்சு எதுவென்று தேடிப் போகிறோம். 948ஆம் குறள் "நோய்நாடி நோய்முதல் நாடி" என்கிறது. நோய் வேறு, நோய்முதல் வேறு. இங்கே வேண்டியதும் அந்தப் பிரிவுதான். ஆகவே என் முன்மொழிவு: நச்சுமுதல் நாடல்.

"நஞ்சாய்வு" போதுமே என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் அது சரிப்படாது. தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் நின்று "நஞ்சாய்வுக்குத் தண்ணி எடுக்க வந்திருக்கோம்" என்றால், நஞ்சை நிலத்தை ஆய்வு செய்ய வந்தவர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு விடிகாலை, கெண்டையும் கெளுத்தியும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. வயலுக்கு அடித்த மருந்து என்றார் ஒருவர், சாக்கடை என்றார் இன்னொருவர், வெயில் என்றார் டீக்கடைக்காரர். சோதித்துத் தந்த தாளில் "நச்சுத்தன்மை உள்ளது" என்று ஒரே ஒரு வரி. அது கரையில் நின்ற எங்களுக்கே தெரியும். எதனால் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்யுங்கள் என்று கேட்க எங்களிடம் சொல் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து

*

தம்பி, குறளைக் காட்டியது நன்றாக இருக்கிறது. ஆனால் தென்காசிக் கடைத்தெருவில் "முதல்" என்றால் வியாபாரத்தில் போட்ட பணம். பள்ளிப் பிள்ளைகளோ "முதல் நஞ்சு, இரண்டாம் நஞ்சு" என்று வரிசை எண்ணாகப் படிப்பார்கள். "காரணி" பாடப்புத்தகத்திலேயே பழகிய சொல். நச்சுக்காரணி நாடல் என்று வைத்தால் என்ன? "அடையாள மதிப்பீடு" என்ற என் சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

*

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. "முதல்" போனதில் கொஞ்சம் வருத்தம்தான். "நாடல்" நின்றதே போதும். கொன்றது எது என்ற கேள்வி "காரணி"யிலும் இருக்கிறது. மூன்று கட்டங்களுக்கும் வகை காணல், பொருள் காணல், உறுதி செய்தல் என்று மொழிபெயர்ப்பில் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. உறுதிசெய்வதற்காக உப்புக் கலந்து தயாரிக்கிற அந்தத் தண்ணீருக்கு "ஒப்புநீர்" என்று போட்டிருக்கிறேன். "ஒப்புக்குச் செய்த நீர்" என்று யார் காதிலாவது விழுந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.