கடல்சார் கொள்கைப் பயில்பணி: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள ஐயா,

மரைன் பாலிசி ஃபெலோஷிப் என்பதற்குத் தமிழ்ச்சொல்லாகத் தாங்கள் தந்த ‘கடற்கொள்கை உதவித்தொகை’ பார்த்தேன். இரு பகுதியிலும் எனக்குத் தடை உண்டு.

சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கடற்கொள்கை’யில் ஓர் எழுத்து மாறினால் ‘கடற்கொள்ளை’. மெய்ப்புப் பார்க்கும்போது என் கண்ணே ஒருமுறை தவறவிட்டது; அச்சான பிறகுதான் தெரிந்தது. ‘கடல்சார் கொள்கை’ என்றே வைத்துக்கொள்வோம்.

பெரிய தடை உதவித்தொகையில். அமெரிக்காவில் 1979 முதல் நடந்துவரும், இப்போது கடலியல் அறிஞர் ஜான் க்னாஸ் பெயர் தாங்கிய ஃபெலோஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் மாணவர்கள் தேர்வாகி, ஓராண்டு வாஷிங்டன் வட்டாரத்தில் ஊதியத்தோடு வேலை பார்க்கிறார்கள். சிலர் நாடாளுமன்ற அலுவலகங்களில், சிலர் அரசுத் துறைகளில். காலை பத்து மணிக்கு மீன்பிடி அளவு பற்றி விசாரணை என்றால், உறுப்பினர் கையில் இருக்கவேண்டிய ஒருபக்கக் குறிப்பை முந்தின இரவு உட்கார்ந்து எழுதுகிற வேலை அது. என் தோழி ஒருவரின் மகள் இதற்குத் தேர்வானபோது உறவினரிடம் நான் ‘உதவித்தொகை’ என்றுதான் சொன்னேன். “இன்னும் படிப்பு முடியலையா?” என்று கேட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை, நான் சொன்ன சொல்லில்தான்.

‘நல்கை’ (கிராண்ட்) எனலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நடத்துவது ‘சீ கிராண்ட்’ என்ற, கடல்சார் ஆய்வுக்கும் கல்விக்கும் பணம் தரும் அமெரிக்க அரசுத் திட்டம். 1862-இல் அங்கே கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தார்கள், அது நிலக்கொடை (லேண்ட் கிராண்ட்). அதை மனத்தில் வைத்து 1963-இல் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்ற கடலியல் அறிஞர் கடலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்றார், 1966-இல் சட்டமானது. இங்கே யாருக்கும் கடலைத் தூக்கிக் கொடுக்கவில்லை, பணம்தான் போகிறது. ஆகவே அது ‘கடல் நல்கை’. அதே சொல்லை உள்ளே இருக்கும் ஃபெலோஷிப்புக்கும் போட்டால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் பெயரிலான ஃபெலோஷிப்புக்கு ‘முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்’ என்று அரசே பெயர் வைத்திருக்கிறதே என்பீர்கள். ஆய்வு என்றதும் ஆய்வகமும் கட்டுரையும் நினைவுக்கு வருகின்றன. க்னாஸ் மாணவர் ஆய்வை விட்டு ஓராண்டு விலகி வந்து, அந்த அறிவு சட்டமாகும் இடத்தில் உட்காருகிறவர். அவருக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

என் முன்மொழிவு: கடல்சார் கொள்கைப் பயில்பணி. செய்பவர் பயில்பணியர்.

‘பயில்’ என்றால் கற்றுக்குட்டி வேலை போல ஒலிக்கிறது என்று ஓர் எதிர்ப்பு வரும் என எதிர்பார்க்கிறேன். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ (குறள் 783). நட்பு அதிகாரத்தில் வருகிறது. அங்கே பயில்தல் பாடம் படிப்பதல்ல. ஒருவரோடு பழகுவது, கூட இருப்பது. ‘ஃபெலோ’வில் ஆங்கிலேயர் வைத்திருக்கும் கூட்டாளிப் பொருள் நம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது, கற்றலும் கூடவே இருக்கிறது. ‘தோழமை’ என்று நேராக மொழிபெயர்த்தால் இந்த இரண்டாவது கிடைக்காது. உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) என்று ஏற்கெனவே புழங்குவதிலிருந்தும் இது விலகி நிற்கிறது, ஏனெனில் முடிவில் வருவது பணி.

இன்னொன்று பாக்கி. இவர்களை அமர்த்திக்கொள்ளும் ‘ஹோஸ்ட்’ அலுவலகத்துக்கு ‘விருந்தோம்பும் அலுவலகம்’ என்று ஒரு வரைவில் பார்த்தேன், வேண்டாம். மாணவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி நேர்காணல் கொடுத்து, இரு பக்கமும் விருப்பம் சொல்லித்தான் இடம் முடிவாகிறது. இப்போதைக்கு ‘ஏற்பு அலுவலகம்’ என்று எழுதி வருகிறேன். ‘ஏற்பு’ விண்ணப்பத்தை ஏற்பதோடு குழம்புமோ என்று தயக்கமாக இருக்கிறது. சட்டத்துறையில் புழங்குகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.