108-க்கு 66: இது 4-ஆ, 5-ஆ?

மகள் மே மாதம் ஏ.பி. கால்குலஸ் பி.சி. (அமெரிக்காவின் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வு; முடிவு 1 முதல் 5 வரையிலான தரமாக வரும்) எழுதுகிறாள். மாதிரித் தேர்வில் கொள்குறி வினாக்கள் 45-இல் 31 சரி; விரிவான விடைப் பகுதியில் 54-க்கு 29. இரண்டுக்கும் சம எடை என்பதால் முதலாவதை 1.2-ஆல் பெருக்கிக் கூட்டினேன். இணையக் கணிப்பான்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. 4-க்கும் 5-க்கும் இடையிலான எல்லைக்கோடு ஆண்டுதோறும் நகரும்போது எதை நம்புவது?

விரிவான விடைகளைத் திருத்தியது வேறு நான்தான். ஒரு தொடர் ஒருங்கும் இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டு, முனைப்புள்ளிகளைச் சோதிக்காமல் விட்டிருந்தாள்; எவ்வளவு கழிப்பதென்று தெரியவில்லை. (அம்மாவின் கை கொஞ்சம் தாராளமாகத்தான் இருந்திருக்கும்.) பழைய வினாத்தாள்களின் அதிகாரப்பூர்வ மதிப்பெண் வழிகாட்டியை வைத்துத் திருத்திப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன். உங்கள் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வில் வந்ததற்கும் ஜூலையில் தேர்வு முடிவாக வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தது?