அதில் வருகிறது, இதில் வரவில்லை: ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் திறக்காத தளங்கள்

நீடாமங்கலம், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்

2025 ஜூன். 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு வந்துகொண்டிருந்த நேரம். வயலிலிருந்து நேராக வந்த ஒரு பெரியவர் கால் சேற்றை வாசல் குழாயில் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பை. மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அன்று மாலைக்குள் முன்பணம் கட்டி ரசீது எடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து கல்லூரித் தளத்துக்குப் போனேன். வெள்ளைத் திரை. நடுவில் ‘400 பேட் ரிக்வெஸ்ட்’. அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. அதைப் படிக்கவில்லை. காலையில் அதே கம்ப்யூட்டரில் அதே தளம் நன்றாக வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் போட்டுப் பார்த்தேன், உடனே திறந்தது. “வந்துடுச்சா தம்பி?” என்றார். வந்துடுச்சு அய்யா என்று அதிலேயே பணத்தைக் கட்டி ரசீதைக் கையில் கொடுத்தேன். அதுவரை சரி.

கோளாறு அதற்கு அப்புறம். இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அதே கல்லூரிக்கு வருவார்கள், குரோமைச் சரி பண்ணி வை என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். அவன் ‘டெலீட் பிரவுசிங் டேட்டா’ போய், ‘ஆல் டைம்’ வைத்து, இருந்த எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு அழுத்திவிட்டான். பாஸ்வேர்டு பெட்டியும் அதில் ஒன்று. குரோம் என் கணக்கோடு இணைந்திருந்ததால் கணக்கில் இருந்த பாஸ்வேர்டுகளும் சேர்ந்தே போய்விட்டன. தளம் திறந்தது, உண்மைதான். ஆனால் கடை வேலைக்கு நான் வைத்திருந்த ஏழெட்டு லாகின்களும் போச்சு. மற்றதெல்லாம் ஓடிபி வைத்து இரண்டு நாளில் மீட்டுவிட்டேன். ஒன்று மட்டும் நான் விட்டுவிட்ட பழைய சிம் நம்பரில் இருந்தது. அதை மாற்றி வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. பூவனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அந்த ஒன்பது நாளில் மூன்று முறை பஸ் ஏறி வந்து திரும்பிப் போனார். பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதை அழிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது நான்தான்.

அடுத்த வாரம் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரிலும் அதே 400 வந்தது. இந்த முறை பொடி எழுத்தைப் படித்தேன். ‘ரிக்வெஸ்ட் ஹெடர் ஆர் குக்கி டூ லார்ஜ்.’ பிரவுசர் முதலில் அனுப்பும் தகவல் வரிகளோ (ஹெடர்) குக்கியோ அளவுக்கு மீறிப் பெரிது என்று அர்த்தம். விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. ஒரு தளம் நம் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் சின்னச் சின்னச் சீட்டுகள்தான் குக்கி. அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இதுவரை வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் பிரவுசர் கட்டாக எடுத்துக்கொண்டு போய் நீட்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம். என் கடையில் ஒரே கம்ப்யூட்டரில் அறுபது பிள்ளைகளுக்கு அறுபது. அந்தத் தளம் ஒவ்வொருவருக்கும் புதுச் சீட்டு கொடுத்ததே தவிர பழையதைத் திரும்ப வாங்கவில்லை. கட்டு பெருத்துக்கொண்டே போயிற்று. சர்வர் வாங்கும் கட்டுக்கு ஓர் அளவு உண்டு. இந்த வரியைக் காட்டும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு ஹெடர் வரிக்கு 8 கிலோபைட்தான். அதைத் தாண்டினால் படித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் நாங்கள் அந்தத் தளத்தைத் திறந்ததே இல்லை, கட்டும் இல்லை. அதனால்தான் அதில் வந்தது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்காக்னிட்டோ ஜன்னலில் போட்டேன். திறந்தது. பழைய சீட்டு எதுவும் அந்த ஜன்னலுக்குள் வராது. சாதாரண ஜன்னலுக்குத் திரும்பி, முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் படத்தைத் தொட்டேன். முன்பு பூட்டு இருந்த இடம். 2023இல் அதை மாற்றி இரண்டு கோடும் இரண்டு வட்டமும் போட்டுவிட்டார்கள். அதற்குள் ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ போய் அந்தக் கல்லூரியின் தரவை மட்டும் நீக்கினேன். ஒரு நிமிட வேலை. வேறு எதுவும் போகவில்லை.

டெல்டாவில் என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு பிரவுசரில் மட்டும் தளம் வராமல் நின்றபோது உங்களுக்குக் காரணம் என்னவாக இருந்தது? எழுதுங்கள். எனக்கு நேர்ந்த நஷ்டம் இன்னொருவருக்கு வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி, அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர்

அண்ணா, உங்கள் இன்காக்னிட்டோ சோதனையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலில் தளம் திறந்தால் குக்கிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களும் அந்த ஜன்னலில் தானாக வேலை செய்யாது, நாம் தனியாக அனுமதி கொடுத்தால்தான் உண்டு. ஆக, சந்தேகம் இரண்டு.

எங்கள் ஆலையில் ஒரு வங்கித் தளம். பாஸ்வேர்டு போடும் வரை எட்ஜ் பிரவுசரில் ஒழுங்காக வரும், அடுத்த பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். நெல் கொடுத்த ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். முதலாளி, “என்னம்மா, இன்னுமா வரலை?” என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். இன்காக்னிட்டோ மாதிரி எட்ஜில் இருக்கும் இன்பிரைவேட் ஜன்னலில் போட்டால் வந்தது. குக்கியை அழித்தேன், பலன் இல்லை. அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்தேன். நான்கு இருந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு அதே பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது, முதலாளி மகன் லீவுக்கு வந்தபோது போட்டுவிட்டுப் போன விளம்பரத் தடுப்பான். வங்கிப் பக்கம் இன்னொரு முகவரியிலிருந்து கூப்பிடும் ஒரு கோப்பை, விளம்பரம் என்று நினைத்து அது தடுத்துக்கொண்டிருந்தது. தடுப்பானை எடுத்து எறியவில்லை. அந்த வங்கித் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்தேன்.

நான்காவது என்ன எக்ஸ்டென்ஷன் என்று ஆலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சுத்தமாக நீக்கிவிட்டேன். பணம் போகிற பக்கத்தைப் படிக்கக்கூடிய ஒன்று, யார் போட்டது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். பணியில் இருந்தபோது வாங்கியது. இன்றும் நன்றாக ஓடுகிறது, மாற்ற மனம் வரவில்லை. மருந்து வாங்கும் தளம் ஒன்று ஒருநாள் காலையிலிருந்து குரோமில் வெறும் வெள்ளையாக வந்தது. பிழை என்றுகூட ஒரு வரி இல்லை. முதல் நாள் இரவு வரை திறந்த தளம்.

குக்கி அழித்தேன், இன்காக்னிட்டோவில் போட்டேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வெள்ளைதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பேரனைக் கூப்பிட்டேன். “தாத்தா, எஃப்12 அழுத்துங்க. கன்சோல்னு ஒரு இடம் வரும். சிவப்பா ஏதாவது இருக்கான்னு பாருங்க” என்றான். இருந்தது. ‘டுசார்ட்டட் இஸ் நாட் எ ஃபங்க்ஷன்’. எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி, “உங்க குரோம் வெர்ஷன் என்ன?” 109.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி, மூலத்தைத் தொடாமல் புதுப் பட்டியலாகக் கொடுக்கும் கட்டளை அது. குரோமுக்கு அந்தக் கட்டளை 110ஆம் பதிப்பில்தான் வந்தது. விண்டோஸ் 7க்குக் குரோம் கொடுத்த கடைசிப் பதிப்போ 109. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோது எங்களைப் போன்றவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரே ஒரு எண் வித்தியாசம். தளத்தை நடத்துகிறவர்கள் முதல் நாள் இரவு புது நிரலை ஏற்றியிருக்க வேண்டும். என் குரோமுக்கு அந்தச் சொல் தெரியவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. பக்கம் முழுவதையும் அந்த நிரல்தான் வரைய வேண்டும் என்பதால் திரை வெள்ளை.

ஃபயர்ஃபாக்ஸ் 115ஐ இறக்கச் சொன்னான். அந்தக் கட்டளை அதில் சரியாக 115ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. விண்டோஸ் 7க்கு அவர்கள் கொடுத்த கடைசிப் பெரிய பதிப்பும் அதுவே. அதன் பிறகும் பழைய விண்டோஸ்காரர்களுக்காக அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து கொடுத்தார்கள். தளம் திறந்தது, மருந்தும் வந்தது. நாற்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். விடை தப்பாக வந்தால் எந்த வரியில் தப்பியது என்று பாருங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். எஃப்12 அந்த வரியைக் காட்டிவிடுகிறது. அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வங்கி வேலைக்கு இப்போது இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. விண்டோஸ் 7க்குப் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. பேரன் சொன்னதை மதிக்கிறேன்.

சீர்காழி, ஸ்டுடியோ வைத்திருப்பவர்

எனக்கு வந்தது வேறு மாதிரி. புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் போட்டால் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் பாதுகாப்பு எச்சரிக்கை. கடிகாரத்தைப் பார்த்தால் 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் 2009இல் இருந்தால் அது இன்னும் பிறக்காத சான்றிதழ். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஒன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் பிரவுசரைப் பாருங்கள். எதிலுமே வராவிட்டால் முதலில் கடிகாரம்.

பட்டுக்கோட்டை, ஒரு சங்க அலுவலகத்தில் வேலை செய்பவர்

எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. நாங்கள் பயன்படுத்தும் ஒரு பழைய தளம் புது பிரவுசர் எதிலும் முழுசாக வராது. பட்டனை அழுத்தினால் அசையாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு என்றே எழுதியது. அந்த எக்ஸ்ப்ளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15இல் விடை கொடுத்துவிட்டது. அன்று முதல் கொஞ்ச நாள் நாங்கள் பட்ட பாடு சாதாரணம் இல்லை. கஜாவில் தென்னை போன வீட்டுக்காரர்கள் ஒரு ரசீதுக்கு நடையாக நடந்தார்கள்.

எட்ஜுக்குள்ளேயே, பழைய எக்ஸ்ப்ளோரர் போலத் தளத்தைத் திறக்கும் ஐஇ மோடு இருக்கிறது. செட்டிங்கில் ‘டிஃபால்ட் பிரவுசர்’ பகுதியில் அதை அனுமதித்து, தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்த்தோம், வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து மறுபடி நின்றது! யாரும் எதையும் மாற்றவில்லை. நாள் முழுக்கத் தேடிய பிறகுதான் தெரிந்தது: நாம் கையால் சேர்க்கும் முகவரிக்கு 30 நாள்தான் ஆயுள், பட்டியலிலேயே காலாவதித் தேதி எழுதியிருக்கிறது. இப்போது மாதம் பிறந்தால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பது. சுவர் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி, கல்லூரி மாணவி

அண்ணா, போனில் இப்படி வந்தால் என்ன செய்வது? தோழி அனுப்பிய தேர்வுக் கட்டண லிங்கைத் தொட்டால் லாகின் பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறது. அதே போனில் குரோமைத் திறந்து முகவரியை அடித்தால் வந்துவிடுகிறது.

நீடாமங்கலம், பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்

தங்கச்சி, சில செயலிகளில் லிங்கைத் தொட்டால் அது குரோமுக்குப் போவதில்லை. செயலி தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் வைத்திருக்கும், அதில் திறக்கும். நீங்கள் குரோமில் லாகின் செய்த சீட்டு அந்தக் குட்டி பிரவுசரிடம் இல்லை. உங்களுக்கு அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மேலே மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஓப்பன் இன் பிரவுசர்’ கொடுங்கள். கட்டணம் கட்டும் எந்த லிங்கையும் செயலிக்குள் வைத்துத் திறக்காதீர்கள், முகவரி முழுதாகக்கூடத் தெரியாது.

திருத்துறைப்பூண்டித் தங்கச்சி சொன்ன எக்ஸ்டென்ஷன் வேலையை நேற்றே இரண்டு கம்ப்யூட்டரிலும் செய்துவிட்டேன். கும்பகோணம் அய்யா, உங்கள் அனுபவத்தைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். எஃப்12 அழுத்திச் சிவப்பு வரியை நோட்டில் எழுதிய பிறகுதான் எதையும் அழிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். நோட்டில் இதுவரை நான்கு வரி சேர்ந்திருக்கிறது. இரண்டுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டையும் அடுத்த முறை இங்கே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூவனூர் ஆயாவின் விண்ணப்பத்தை லாகின் திரும்பக் கிடைத்த அன்றே போட்டுவிட்டோம். நான்காவது தடவை அவரை வரவழைக்கவில்லை. ஒப்புகைச் சீட்டைப் பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.