முயல் முடி உதிர்க்கும் காலம்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரி
எங்களுடையது அங்கோரா என்ற நீளமுடி முயல் இனத்தின் கலப்பு. சீப்பு, பிரஷ் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான். என் மனத்தை விட்டு நீங்காதது ஒரு காலைப்பொழுது. கூண்டுத் தட்டைக் கழுவ எடுத்தால், புழுக்கைகள் முடியில் கோத்த மணிகளாகக் கிடந்தன. ஒன்றைத் தூக்கினால் அடுத்ததும் கூடவே வந்தது. கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்தமல்லியை வேண்டாம் என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முயலால் வாந்தி எடுக்க முடியாதம்மா. விழுங்கிய முடி பின்வழியாகத்தான் போயாக வேண்டும்" என்றார். பிழைத்துக்கொண்டது. ஆனாலும் விடிந்ததும் அந்தத் தட்டைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஆவடி அப்பா
பிரஷ்ஷைக் கண்டாலே எங்கள் முயல் பின்காலால் தரையை உதைக்கும். ஒருநாள் கையை நனைத்து உதறிவிட்டு, கழுத்திலிருந்து வால் வரை தடவினேன். உள்ளங்கை முழுதும் சாம்பல் நிற முடி. இடுப்பில் ஒரு கொத்து துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. அடியில் புது முடி கருகருவென்று முளைத்திருந்தது. மகள் புண் என்று நினைத்து அழுதுவிட்டாள். குளிப்பாட்டினால் ஒரே நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர்.

திண்டுக்கல் வளர்ப்பாளர்
குளியல் வேண்டவே வேண்டாம் ஐயா! நனைந்த முயலுக்கு உடல் சூடு இறங்கிவிடும்; மிரட்சியிலேயே உயிர் போவதும் உண்டு.

மதுரைச் சகோதரி, பழியை முடிமேல் மட்டும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். முயல் ஆண்டு முழுவதும் தன்னை நக்கிக்கொள்கிறது, வயிற்றில் முடி எப்போதும் இருக்கும். நார்ச்சத்து குறைந்து குடல் மந்தமானால்தான் அது தேங்குகிறது. குச்சித் தீவனத்தை (பெல்லட்) குறையுங்கள், காய்ந்த புல் நாள் முழுதும் முன்னால் இருக்கட்டும், தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள். உதிர்க்கும் காலத்தில் தினமும் வாருங்கள், ஆனால் மெதுவாக; முயலின் தோல் மெல்லியது, சிக்கை இழுத்தால் கிழிந்துவிடும். குதிகால் முடியைக் கத்தரிக்காதீர்கள், புண்ணாகும். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

என் அனுபவமா? கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கமிருந்து கொண்டுவந்த ஒயிட் ஜயண்ட் இன முயல், மலைக்குளிரை விட்டுச் சமவெளிக்கு வந்ததும் முடியைக் கொட்டித் தள்ளியது. அவ்வளவுதான்.

மதுரைக்காரி
புல் தட்டு எங்கள் வீட்டில் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை ஐயா. அங்கோராவை நீங்கள் வளர்த்ததில்லை என்று தெரிகிறது. அதன் முடி உதிர்ந்தாலும் கீழே விழாது, உடம்போடு சிக்கிக்கொண்டு நிற்கும். முயல் வாயால்தான் அதை இழுத்து எடுக்கிறது. ஒயிட் ஜயண்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது.