கைடு கேமராவை இணைத்தால் "எக்ஸ்போஷர் ஃபெயில்டு" வருகிறது

ரோகிணி42:
வணக்கம். வானத்தைப் படமெடுக்க ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் இண்டியும் (கருவிகளுக்கான டிரைவர்கள்) எக்கோஸும் (படப்பிடிப்பை நடத்தும் மென்பொருள்) ஓடுகின்றன. பிரதான கேமரா குளிரூட்டி உள்ள ஒற்றைநிற சிமாஸ் (சென்சார் வகை), 4656 × 3520 பிக்சல். கைடிங்கிற்கு (தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ள) ஒரு சின்னக் கேமரா, பிஎச்டி2 என்ற மென்பொருள் வழியாக.

குதிரைத்தலை நெபுலாவை ஹைட்ரஜன் ஆல்பாவில் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில்) 300 நொடி வீதம் எடுக்கிறேன். ஐந்து நிமிடமும் முடிந்து படம் இறங்க வேண்டிய நேரத்தில் "எக்ஸ்போஷர் ஃபெயில்டு" என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பிஎச்டி2-ம் கேமரா பதில் தரவில்லை என்று இணைப்பைத் துண்டிக்கிறது. ஒரு நொடி எக்ஸ்போஷரிலும் இதே கதைதான். கைடு கேமராவைக் கழற்றினால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. 2×2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்தும் பயனில்லை. நடுவில் சின்னச் சதுரம் மட்டும் எடுத்தால் வந்துவிடுகிறது. கேபிள் மாற்றியும் பார்த்தாயிற்று. அமாவாசை நெருங்குகிறது, உதவுங்கள்.

வடமீன்:
முதலில் மின்சாரம். பை 4-ன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். குளிரூட்டிக்குத் தனி 12 வோல்ட் இருக்கிறதா? கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் "அண்டர்வோல்டேஜ் டிடெக்டெட்" என்று வந்திருக்கிறதா பாருங்கள்.

ரோகிணி42:
தனி 12 வோல்ட் இருக்கிறது. அண்டர்வோல்டேஜ் எதுவும் இல்லை. ஆனால் எக்கோஸை டெர்மினலில் இருந்து திறந்தபோது லிப்யூஎஸ்பி (யூஎஸ்பி கருவிகளோடு பேசும் நிரல் நூலகம்) ஒரு வரி எழுதியது: "சப்மிட்யூஆர்பி ஃபெயில்டு", எர்நோ (பிழை எண்) 12.

மலைமுகடு:
அந்த 12 போதும். லினக்ஸில் அதற்கு நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பொருள். ரேம் தீரவில்லை, யூஎஸ்பி பரிமாற்றத்துக்குக் கெர்னல் வைத்திருக்கும் உச்சவரம்பு தீர்ந்தது. அது இயல்பாக 16 எம்பி, அதுவும் எல்லா யூஎஸ்பி கேமராவுக்கும் சேர்த்து. உங்கள் முழுப் படம் 16 பிட்டில் ஏறக்குறைய 33 எம்பி. டிரைவர் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்கும், அதனால் தனியாக இருக்கும்போது சமாளித்துவிடுகிறது. கைடு கேமராவும் பங்கு கேட்டால் இடமில்லை. சின்னச் சதுரம் வந்ததும் இதனால்தான். பின்னிங் உதவாததும் புரிகிறது: இந்த வகை சிமாஸில் பெரும்பாலும் முழுப் படமும் இறங்கிய பிறகு மென்பொருள்தான் பிக்சல்களைச் சேர்க்கிறது.

எக்கோஸ் காட்டும் பிழையை மட்டும் வைத்துக்கொண்டு கேமராவைச் சந்தேகிக்காதீர்கள். படம் வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நல்ல கேமராவைச் சர்வீசுக்கு அனுப்பிவிட்டு ஒரு பருவத்தையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது.

செய்ய வேண்டியது: சிஸ், மாட்யூல், யூஎஸ்பிகோர், பாராமீட்டர்ஸ் என்று உள்ளே போனால் யூஎஸ்பிஎஃப்எஸ்_மெமரி_எம்பி என்ற கோப்பு இருக்கும். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) அதில் 256 என்று எழுதுங்கள். ரீபூட் செய்தால் பழையபடி 16 ஆகிவிடும். அதனால் பூட் பகுதியில் உள்ள சிஎம்டிலைன் கோப்பிலும் யூஎஸ்பிகோர் என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, யூஎஸ்பிஎஃப்எஸ்_மெமரி_எம்பி என்ற பெயரும் "=256"-ம் சேருங்கள். முக்கியம்: அந்த சிஎம்டிலைன் கோப்பு முழுக்க ஒரே வரி. புதிய வரியில் போடாமல் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுச் சேருங்கள்.

ரோகிணி42:
256 வைத்தேன். இரண்டு கேமராவும் சேர்ந்தே ஓடுகின்றன, கைடிங் அறுபடவில்லை, முழுப் படங்கள் வரிசையாக இறங்குகின்றன. மிக்க நன்றி அண்ணா! ஒன்று மட்டும்: படம் இறங்கும்போது வைஃபை தடுமாறுகிறது.

மலைமுகடு:
ரொம்ப மகிழ்ச்சி. வைஃபை வேறு விஷயம். யூஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் லேன் கேபிளே போட்டுவிடுங்கள்.